மூன்றே கால் ஏக்கர்

கடிதத்தில் இராசமலர் என்பது
இராசமணி ஆகியிருந்தது.
மற்றதெல்லாம் சரி.
இத்திமடுக் குளத்தின் கீழ் மூன்றே கால் ஏக்கர்
காப்புக் காட்டிலிருந்து விடுவிக்கப்படுகிறது.
பிரதேச செயலகத்தில் பேனை எழுதவில்லை.
உதறிவிட்டு
அந்த இராசமணிக்காகக் கையெழுத்து வைத்தேன்.

முப்பத்தொரு காலபோகம்.
சிறுபோகத்தைக் கணக்கில் எடுக்கவில்லை,
எங்களுடையது சின்னக் குளம்.

மஞ்சள் தலை வைத்த எல்லைக் கல்லை
வன இலாகா பிடுங்கவில்லை.
"அதுக்கு வேற சுற்றறிக்கை வரவேணும்."
சரி, நிற்கட்டும்.
யாரிடமிருந்து காத்தீர்கள் என்று கேட்க நினைத்து
வரிசையில் பின்னால் நின்றவருக்காக
நகர்ந்துவிட்டேன்.

நாயுண்ணி, காரை, சூரை,
ஆளுயரத்துக்குக் கரையான் புற்று.
மிதிவெடிக்காரர் கட்டிய சிவப்பு நாடாவில் ஒரு துண்டு
விடத்தல் முள்ளில் வெளிறிக் கிடந்தது.
பெக்கோ மணிக்கு ஏழாயிரம், டீசல் வேறை.
"எங்கயிருந்து தொடங்க, அக்கா?"
சுபதீசுக்கு இருபத்தாறு வயது.
அவனுக்கு இது பிறந்ததிலிருந்து காடு.

நான் கை காட்டினேன்.
கண்ணை மூடினாலும் தெரியும் என்று
அகதி முகாமில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்.
வாளி இறங்கிய இடத்தில்
சிவக்கொழுந்தரின் மதகுச் சீமெந்து வந்தது.
நாற்பது அடி தள்ளி,
இன்னொருவர் வயலில் நின்று
என் வயலை நினைத்திருக்கிறேன்.

மண் கறுப்பாகப் புரண்டது.
இப்படி ஒரு கறுப்பை
நாங்கள் விதைத்த காலத்தில் கண்டதில்லை.
விவசாயப் போதனாசிரியர் ஒரு பிடி அள்ளி
மணந்து பார்த்தார், சின்னப் பிள்ளை.
"முதல் போகத்துக்குப் பாதி யூரியா காணும்.
களைதான் உங்களைத் தின்னும்."
நாங்கள் இல்லாததால் கொழுத்த மண்.
எனக்குச் சந்தோசமும் வந்தது,
கொஞ்சம் ரோசமும் வந்தது.

நடுவில் ஒரு பாலை.
தொடை மொத்தம்.
நான் போன பிறகு முளைத்தது,
ஏதோ ஒரு கரடி பழம் தின்று
எச்சத்தோடு போட்டுவிட்டுப் போயிருக்கும்.
சுபதீஸ் இயந்திரத்தை நிறுத்தினான்.
காணியை விட்டார்கள், மரத்தை விடவில்லை,
பாலை தறிக்க வேறு அனுமதி.
சுற்றிக்கொண்டு போனான்.

நில அளவையாளர் இரண்டு நாள் தேடிய வரம்பை
ஐப்பசியில் ஒரே இரவில்
மழை காட்டித் தந்தது.
எங்கே தண்ணீர் மறித்து நின்றதோ
அங்கே அப்பு மண்வெட்டி போட்டிருக்கிறார்.
குனிந்து பார்த்தேன்.
அவர் வரம்பும் நேரில்லை.

சிவக்கொழுந்தரின் மகன் ஸ்காபரோவிலிருந்து எடுத்தான்.
"எங்கட பக்கம் அப்பிடியே கிடக்கட்டும் அக்கா."
கிடக்கட்டும் தம்பி,
உன் காட்டுப் பன்றிக்கு என் நெல்லைப் போடுகிறேன்.
இரண்டாவதைச் சொல்லவில்லை.

சங்கிலி அடகில் போய்
ஏழு புசல் ஆட்டக்காரி வந்தது.
எட்டாம் நாள் பச்சை.
நெல்லா நாயுண்ணியா என்று
முழங்காலில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.
இரண்டும்.

இரவுக் காவலுக்குப் பாலையின் கீழே சாக்கு,
கொப்பில் ஒரு மின்சூள்.
பன்றிக்குப் பால் டின்னைத் தட்டித் தட்டி
விடியும்போது கை மரத்துப் போகும்.
அந்த மரம் மட்டும் இல்லாவிட்டால்
இன்னும் அரைப் புசல் விதைத்திருப்பேன்.
எங்கே இருந்திருப்பேன் என்பதைத்தான்
யோசிக்கவில்லை.

மார்கழியில் வன இலாகாப் பொடியன் வந்தான்.
சேற்றில் சப்பாத்தைக் கழற்றி
வரம்பால் வழுக்கி வழுக்கி நடந்து
பாலையின் சுற்றளவை நாடாவால் எடுத்தான்.
"காணிக்காரரின்ர பெயர்?"
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.
கோவையைத் திருப்பிக் காட்டினான்.
மரத்தின் பெயருக்குக் கீழே
இராசமலர், சரியாக.

அன்று இரவும் பன்றி வந்தது.